5×8 அடி ட்ரெய்லரைக் குடும்பக் காம்பிங்குக்கு மாற்றுதல்: உறங்கும் அறையா, சமையல் பெட்டியா?

கிழக்கு ஸ்காபரோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடையில் ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டு, சூ செயின்ற் மரி, வாவா, மரத்தன் வழியாகச் சுப்பீரியர் ஏரியின் வடகரையைத் தொட்டுக்கொண்டு தண்டர் பே வரை குடும்பமாகச் சென்று வர எண்ணியிருக்கிறோம். போகும் வழி மட்டும் ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். நானும் மனைவியும், பிள்ளைகள் மூவரும், என் மாமியாரும் என ஆறு பேர். வண்டி டொயோட்டா சியென்னா. அதன் இழுவை எல்லை 3,500 இறாத்தல் (பவுண்டு), அதாவது சுமார் 1,590 கிலோ.

ஒருவர் பாவித்த, 5 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட ஒற்றை அச்சுத் திறந்த ட்ரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதன் தகட்டில் உள்ள மொத்த எடை எல்லை 2,990 இறாத்தல். வெறும் எடை ஏறத்தாழ 700 இறாத்தல். இதன் மேல் 4 அடி உயரத்துக்குப் பலகைச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, உள்ளே மாமியாரும் இளைய மகளும் உறங்குவதற்கு ஒரு படுக்கையும், பின்கதவைத் திறந்தால் சமையல் மேசையும் அமைத்து, கூரையின் மேல் மகன்மாருக்கு ஒரு மடிப்புக் கூடாரம் பொருத்தலாம் என்பது என் திட்டம். நானும் மனைவியும் தரையில் கூடாரம் அடித்துக்கொள்வோம். இப்படிச் செய்தவர்கள், அல்லது இது வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், காரணத்துடன் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பிராம்ப்டன் குமரன் எழுதியது:

வணக்கம் அண்ணா. பலகை வாங்குவதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டிய எண் 3,500 அன்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஆறு பேர் ஏறும் மினிவேனில் முதலில் முட்டுவது அந்த எல்லைதான். ட்ரெய்லரின் கழுத்து, அதாவது வேனுடன் பூட்டும் முன்முனை, உங்கள் கொழுக்கியின் மேல் அழுத்தும் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, வில்லையில் 540 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு 345 கிலோ, கொழுக்கி இரும்புக்கு 20, கழுத்து எடைக்கு 90 என்று கழித்தால், வேனுக்குள் வைப்பதற்கு மிஞ்சுவது 85 கிலோதான். கூரைப்பெட்டி வைத்தால் அதுவும் இதற்குள் அடங்க வேண்டும்.

இனி உங்கள் அறையின் எடை. இரண்டு பக்கச் சுவர், முன், பின், கூரை எல்லாம் சேர்த்து 4×8 அடிப் பலகை நாலரை வேண்டும். அரை அங்குலப் பிளைவூட் ஒரு பலகை ஏறக்குறைய 21 கிலோ; ஆகப் பலகை மட்டும் 95 கிலோ. சட்டம், கதவு, ஜன்னல், வெளித்தகடு, இன்சுலேஷன் ஆகியவற்றையும் சேர்த்தால் 170, 180 கிலோவில் நிற்கும். கூரைக் கூடாரம் இன்னொரு 60 கிலோ, அதுவும் எல்லாவற்றுக்கும் உச்சியில். ட்ரெய்லரின் தகட்டு எல்லைக்குள் இவை அனைத்தும் அடங்கும், சியென்னாவும் இழுக்கும். ஆனால் ஒடுக்கமான 5 அடி அகல ட்ரெய்லரில் எடையை உயரத்தில் ஏற்றி, கூரைக் கூடாரத்துடன் சேர்ந்து வேனின் கூரையைவிட உயர்ந்துவிடும் ஒரு சுவரைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி 2,800 கிலோமீட்டர் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்பரி வாசி எழுதியது:

குமரன் எழுதிய கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வடக்கே வாழ்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். சுப்பீரியர் ஏரிக்கரையில் ஜூன் மாத இரவுகள் 5 பாகைக்கு இறங்குவது வியப்பான செய்தி அல்ல. ஏரி கோடை முழுவதும் குளிர்ந்தே இருப்பதால் ஜூலையிலும் பனிமூட்டமும் ஈரக்காற்றும் வரும். மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்யும்போது தரைக்கூடாரத்தில் ஒரு முதியவரை வைத்திருப்பது எளிதல்ல. நிலத்திலிருந்து உயர்ந்த, காய்ந்த, கதவு பூட்டக்கூடிய ஓர் இடம் இருப்பது அவருக்குப் பெரிய ஆறுதல். ஆகவே அறை என்ற எண்ணத்தையே தள்ளிவிட வேண்டாம். உயரத்தைக் குறைத்து, கூரைக் கூடாரத்தைக் கைவிட்டு, மெல்லிய பலகையும் நுரைத்தட்டும் கொண்டு கட்டினால் எடையில் பாதியைக் குறைக்கலாம்.

மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை கரும் ஈ தொல்லை கடுமையாக இருக்கும். அதன் பின் நுளம்பு. வலை இல்லாத எந்த ஏற்பாடும் இந்தப் பாதையில் பயன்படாது.

மார்க்கம் வாணி எழுதியது:

மாமியாரின் இடத்திலிருந்து பார்த்து எழுதுகிறேன், தம்பி குறை நினைக்க வேண்டாம். ட்ரெய்லரின் தளம் நிலத்திலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். உள்ளே 4 அடி உயரம் என்றால் அவர் குனிந்து, தவழ்ந்துதான் படுக்கைக்குப் போக முடியும். இரவில் இரண்டு முறை எழுந்து கழிவறைக்குப் போகும் வயதில் இது வேதனை. நிமிர்ந்து நிற்கக்கூடிய ஆறு பேர்க் கூடாரம் ஒன்றில், நல்ல உயரமான மடிப்புக் கட்டில் போட்டு, அதன் மேல் தடித்த மெத்தையும் கம்பளிப் போர்வையும் விரித்துக் கொடுத்தால், கட்டிலில் அமர்ந்தபடியே செருப்பைப் போட்டுக்கொண்டு எழலாம். என் அம்மா அப்படித்தான் எங்களுடன் அல்கொன்குவின், கில்லார்னி பூங்காக்களுக்கு வருகிறார்.

மழைக்கும் குளிருக்கும் சட்பரி வாசி சொன்னதை நான் மறுக்கவில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. மரத்தனுக்கு அருகிலுள்ள புக்கஸ்க்வா தேசியப் பூங்காவின் ஹற்றி கோவ் முகாமில் மரத்தளமும் கட்டிலும் உள்ள ஓடென்டிக் என்னும் நிலைக்கூடாரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பயணத்தின் நடுவே ஓரிரு இரவுகளை அங்கே வைத்துக்கொண்டால், எல்லோரும் உடுப்புகளைக் காயவைத்து, நன்றாக உறங்கி எழுந்து மிச்சப் பயணத்தைத் தொடரலாம். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

என் அனுபவத்தில் ஆறு பேர்க் குடும்பத்தின் நீண்ட பயணத்தைக் களைக்கச் செய்வது உறக்கம் அன்று, சமையல். ஒவ்வொரு முகாமிலும் இருபது பெட்டிகளை இறக்கி, எந்தப் பெட்டியில் மிளகாய்த்தூள் என்று தேடி, சுற்றுலா மேசையில் ஒரு மூலையில் அடுப்பை வைத்துச் சமைத்து, பிறகு அத்தனையையும் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கிறது. ட்ரெய்லரை ஒரு குசினியாகவும் சாமான் அறையாகவும் மாற்றுங்கள். மனிதர்கள் கூடாரத்தில் உறங்கட்டும்.

தச்சுப்பட்டறை எழுதியது:

வாணி அக்கா சொன்னதையே நானும் சொல்ல வந்தேன். ஹமில்ற்றனில் மரவேலை செய்கிறேன். இப்படிப்பட்ட பெட்டிகள் சிலவற்றை நண்பர்களுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். என் பரிந்துரை, ட்ரெய்லரின் நீளம் முழுவதற்கும் ஏறத்தாழ 2 அடி உயரத்தில் தட்டையான மூடியுள்ள ஒரு தாழ்ந்த பெட்டி. மூடியின் மேற்பரப்பு நிலத்திலிருந்து மூன்றரை அடி அளவில் வரும்; வேனின் பின்கண்ணாடி வழியே பார்வை மறையாது; காற்றும் பெரும்பகுதி வேனின் மேலாகவே கடந்து போய்விடும்.

சமையல் பகுதியைப் பின்கதவில் வைக்க வேண்டாம். படங்களில் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அடுப்பு, பாத்திரம், அரிசி, எண்ணெய், தண்ணீர் என்று உள்ளதிலேயே கனமான சாமான்கள் அனைத்தும் அச்சுக்குப் பின்னே போய்விடுகின்றன. பின்னால் கனத்தால் கழுத்து எடை குறையும். கழுத்து எடை குறைந்த ட்ரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அச்சுக்குச் சற்று முன்னே, வலது பக்கவாட்டில் திறக்கும்படி வையுங்கள். வலது பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வழியில் தெருவோரம் நிறுத்தித் தேநீர் போட நேர்ந்தால் நீங்கள் புல்லின் பக்கம் நிற்பீர்கள். இடது பக்கம் திறந்தால் லொறிகள் போகும் பக்கம் நிற்க வேண்டிவரும்.

அக்கா கேட்கக்கூடும், மேசை எந்த உயரம் என்று. தளத்தின் உயரம் 18 அங்குலம். அதன் மேல் 16 அங்குலத்தில் ஓர் இழுப்புப் பலகை வைத்தால் நிலத்திலிருந்து 34 அங்குலம் வரும். நம் வீட்டுக் குசினி மேடை 36. குனிந்து பானையைக் கிளறுவதற்கு இந்த இரண்டு அங்குலக் குறைவு வசதியாகவே இருக்கும்.

கிழக்கு ஸ்காபரோ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வில்லையைப் பார்த்தேன், குமரன் எடுத்துக்காட்டாக எழுதிய எண்ணைவிடச் சற்றே குறைவு. மாமியாரிடமும் கேட்டேன், தவழ்ந்து ஏறும் அறையைவிட நிமிர்ந்து நிற்கும் கூடாரமே தனக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே உறங்கும் அறைத் திட்டத்தைக் கைவிடுகிறேன். சட்பரி வாசி ஐயா, தங்கள் அக்கறைக்கு நன்றி. புக்கஸ்க்வாவில் இரண்டு இரவு நிலைக்கூடாரம் எடுக்க முயல்கிறோம்.

இப்போது மூன்று ஐயங்கள். ஒன்று, பெட்டிக்குள் மழைநீரும் தூசியும் போகாமல் எப்படித் தடுப்பது? இரண்டு, ட்ரெய்லர் வெறுமையாக வரும்போது ஒவ்வொரு குழியிலும் துள்ளுகிறது. சாமான் ஏற்றினால் சரியாகிவிடுமா? மூன்று, பிரேக் தேவையா?

தச்சுப்பட்டறை எழுதியது:

முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். 100 கிலோமீற்றர் வேகத்தில் மழை மேலிருந்து விழுவதில்லை, முன்னிருந்து அடிக்கிறது. ஆகவே மூடியின் பிணைச்சலை முன்விளிம்பில் வைத்தால் நீர் பிணைச்சலின் இடைவெளி வழியே உள்ளே தள்ளப்படும். பிணைச்சலை இடது பக்கத்தில் நீளவாட்டில் வைத்து, அதன் மேல் ஒரு ரப்பர்ப் பட்டியைத் திருகாணியால் பிடித்துவிடுங்கள். மூடியின் மற்ற மூன்று விளிம்புகளும் பெட்டியின் சுவரை வெளிப்புறமாக மூடியபடி ஒன்றரை அங்குலம் கீழே இறங்க வேண்டும். உள்ளே D வடிவ ரப்பர் ஒட்ட வேண்டும்.

தூசி பின்பக்கத்திலிருந்தே வரும். கிரவல் தெருவில் ஓடும்போது ட்ரெய்லரின் பின்னே காற்றழுத்தம் குறைந்து, கிளம்பிய புழுதி அங்கேயே சுழலும். பின்கதவில் தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் பின்கதவே வேண்டாம் என்கிறேன். பின்சுவரை முழுமையாக மூடிவிட்டு, மேல்மூடியும் வலப்பக்கக் கதவும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையின் முகத்தைவிட வெட்டுவிளிம்புதான் நீரைக் குடிக்கும். பூச்சுக்கு முன் விளிம்புகள் அனைத்துக்கும் எபொக்சியை இரண்டு முறை தடவி, அது காய்ந்த பிறகே இணைக்க வேண்டும். திருகாணித் துளைகளுக்கும் அப்படியே. தளத்துக்கு அழுத்தப்பதம் செய்த (அழுகாமல் இருக்க மருந்தேற்றிய) பச்சை நிற மரம் எடுத்தால், அதிலுள்ள செம்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள், இரண்டும் தொடக்கூடாது. பெட்டியைச் சட்டத்துடன் பிணைக்க, முக்கோணக் கழுத்துக்கு அருகே புதிய துளை போடாமல் U வடிவ போல்ற்றுகளைப் பயன்படுத்துங்கள். அந்த இடத்தில்தான் சட்டத்துக்கு மிகுந்த சுமை விழுகிறது. குளிர்காலத் தெரு உப்பில் நின்ற ட்ரெய்லர் என்றால், பலகை ஏற்றும் முன் கழுத்தின் பற்றுவைப்புகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறலுக்கு அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்டி ஏறிய பிறகு அந்த இடத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

பிராம்ப்டன் குமரன் எழுதியது:

பிரேக்கைப் பற்றி. ஒன்ராறியோ சட்டப்படி மொத்த எடை 1,360 கிலோவை, அதாவது 3,000 பவுண்டை, எட்டாத ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம் இல்லை. உங்கள் தகட்டில் 2,990 என்று அச்சிட்டிருப்பது அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பதற்காகத்தான். ட்ரெய்லர் தயாரிப்பவர்கள் வழக்கமாகச் செய்வது இது. ஆனால் சட்டம் கேட்பதும் வண்டி தயாரிப்பாளர் கேட்பதும் ஒன்றல்ல. பல கையேடுகளில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு இதைவிட வெகு குறைந்த எல்லை விதிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சியென்னாவின் கையேட்டில் இழுவைப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

என் கருத்து, பிரேக் போட்டுவிடுங்கள். 17ஆம் நெடுஞ்சாலையில் சூ செயின்ற் மரிக்கும் வாவாவுக்கும் இடையே ஏற்ற இறக்கங்கள் நீளமானவை. ஆறு பேருடன் முழுச் சுமையில் இறங்கும்போது வேனின் பிரேக் மட்டும் எல்லாவற்றையும் தாங்க வேண்டியிருக்கும். 3,500 பவுண்டு அச்சுகள் பலவற்றில் மின்பிரேக் பொருத்துவதற்கான நான்கு துளைத் தட்டு ஏற்கெனவே இருக்கும். வேனில் ஏழு முனை இணைப்பும் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் வேனின் பிரேக்கை மிதிக்காமல், காலை மெதுவாக எடுத்துவிட்டு, கருவியின் நெம்பைக் கையால் தள்ளி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க முடியும் என்பது இதன் பெரிய நன்மை.

துள்ளலுக்குக் காரணம், உங்கள் பட்டை வில்கள் 3,500 பவுண்டுக்கு அமைந்தவை. நீங்கள் ஏற்றப்போவதோ அதில் பாதிகூட இல்லை. சாமான் ஏற்றியதும் சற்றுக் குறையும், முழுவதும் போகாது. குளிர்சாதனப் பெட்டியும் முட்டையும் அந்த அதிர்ச்சியை நாள் முழுவதும் வாங்கும்.

சட்பரி வாசி எழுதியது:

இங்கே பலர் வில்லின் ஒரு பட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். உடனே மென்மையாகிவிடும்.

பிராம்ப்டன் குமரன் எழுதியது:

ஐயா, அதை நான் ஏற்க மாட்டேன். பட்டைகள் ஒன்றோடொன்று சுமையைப் பகிரும்படி வளைக்கப்பட்டவை. ஒன்றை உருவினால் மிஞ்சியவை எங்கே, எவ்வளவு வளையும் என்று நம்மால் கணிக்க முடியாது. இரு முனைகளிலும் உள்ள வளையங்களுக்கு இடையிலான நீளம் அதேயாக உள்ள, குறைந்த எடைக்கு அமைந்த புதிய இணை வில்களை வாங்கி மாற்றுவதே முறை. விலையும் அதிகம் இல்லை. ஆனால் அதன் பிறகு ட்ரெய்லரின் உண்மையான தாங்குதிறன் வில்லின் அளவுக்கு இறங்கிவிடும். தகட்டில் 2,990 என்று இருக்கிறதே என்று ஒரு நாள் மண் ஏற்றிவிடக் கூடாது. இதைத் தகட்டுக்குப் பக்கத்திலேயே அழியாத மையில் எழுதி வைக்க வேண்டும்.

டயரையும் பார்த்துவிடுங்கள். 8 அங்குலச் சிறு சக்கரம் என்றால் இந்தத் தூரத்துக்கு வேண்டாம். ட்ரெய்லருக்கென்றே செய்யப்படும் ST வகையில் ST205/75R14, C தரம் என்றால் ஒரு டயர் 1,760 பவுண்டு தாங்கும், குளிர்ந்த நிலையில் 50 பிஎஸ்ஐ காற்றில். வேறு வேகக் குறியீடு இல்லாத ST டயர்களுக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர்தான் எல்லை. பக்கவாட்டில் உள்ள DOT குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். பூத்தேய்மானம் இல்லாமலேயே வயதாகிப் பிளக்கும் டயர்கள் ட்ரெய்லர்களில்தான் மிகுதி.

கிழக்கு ஸ்காபரோ எழுதியது:

ரயர்கள் 14 அங்குலம், C தரம். ஆனால் 2016இல் செய்தவை. இரண்டையும் மாற்றி, மேலதிகச் சில்லு ஒன்றும் வாங்குகிறேன். வில்களையும் மாற்றுகிறேன்.

பிரேக் தட்டுக்கான நான்கு துளைகளும் அச்சில் இருக்கின்றன. பொருத்துவதற்கு ஒரு பட்டறையில் நாள் கேட்டிருக்கிறேன். அடுத்து மின்சாரமும் எரிவாயுவும். 12 வோல்ற் கம்பிரசர் குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருக்கிறது. சூரியத் தகடு வாங்க வேண்டுமா?

ஏரிக்கரை எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். மின்சாரம் என் துறை என்பதால் எழுதுகிறேன். அந்த வகைக் குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 45 வாட் எடுக்கும். விட்டுவிட்டு ஓடுவதால் கோடை நாள் ஒன்றுக்கு 400 முதல் 500 வாட் மணி என்று கணக்கிடுங்கள். 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியில் 1,280 வாட் மணி இருக்கிறது, எடை 11 அல்லது 12 கிலோ. ஆகவே வேறு எந்த மின்னேற்றமும் இல்லாமல் இரண்டரை நாள் தாங்கும். அதே பயனுக்கு ஈயப் பற்றரி என்றால் இரண்டு வேண்டும். எடை ஐம்பது கிலோவைத் தாண்டும். லித்தியத்தை 0 பாகைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது என்பது மட்டுமே அதன் கட்டுப்பாடு. கோடைப் பயணத்தில் அது எழாது.

ஒன்ராறியோ பூங்கா முகாம்களின் அழகே மரநிழல். அந்த நிழலில் 100 வாட் தகடு தன் பெயருக்குரிய சக்தியில் சிறு பங்கைத்தான் தரும். தகட்டுக்குச் செலவிடும் பணத்தில், மூன்று இரவுக்கு ஓர் இரவு மின்வசதி உள்ள இடத்தைப் பதிவு செய்து, ஒரு நல்ல மின்னேற்றியை ட்ரெய்லரிலேயே பொருத்துங்கள். சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் அகாவா பே முகாமில் அத்தகைய இடங்கள் உண்டு. நீங்கள் பிரேக்குக்காக ஏழு முனை இணைப்பு போடுவதால், அதில் ஒரு முனை மின்னேற்றத்துக்கு உரியது. அதை நேரே பற்றரியில் இணைக்காமல், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி மின்னேற்றி வழியாக இணைக்க வேண்டும். உங்கள் சியென்னா கலப்பின (ஹைபிரிட்) வகை என்றால், அதன் 12 வோல்ற் பக்கத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கம்பி அமைப்பவரிடம் கேட்டு, அதற்கு ஏற்ற சிறிய அளவிலேயே எடுங்கள். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் உருகி இருக்க வேண்டும். கம்பியின் மறுமுனையில் வைத்த உருகி நடுவே நிகழும் குறுக்குச்சுற்றைத் தடுக்காது.

விளக்கு எரியவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பழுது வெள்ளை நிற நிலக்கம்பியில்தான் இருக்கும். சட்டத்தில் பூச்சைச் சுரண்டி, வெறும் இரும்பில் புதிதாகத் திருகி, மேலே மசகு பூசிவிடுங்கள்.

மார்க்கம் வாணி எழுதியது:

எரிவாயுவுக்கு வருகிறேன். சிலிண்டரைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாமல் பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். முக்கோணக் கழுத்தின் மேல், வெளியே, நிமிர்ந்த நிலையில் பட்டை போட்டுப் பூட்டுங்கள். நிறைந்த 20 இறாத்தல் சிலிண்டர் 17 கிலோ அளவில் இருக்கும். கழுத்து எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். கடைசியாகச் சோதித்த ஆண்டு கைப்பிடி வளையத்தில் குத்தப்பட்டிருக்கும். பத்து ஆண்டு கடந்திருந்தால் நிரப்பித் தர மாட்டார்கள்.

அடுப்பு விடயத்தில் நம் சமையலை நினைத்து முடிவெடுங்கள். கடையில் விற்கும் இரட்டை அடுப்பின் ஒவ்வொரு வாயும் 10,000 பிரித்தானிய வெப்ப அலகு; தேநீருக்கும் முட்டைக்கும் போதும். ஆறு பேருக்குச் சோற்றுப் பானையை ஏரிக்காற்றில் கொதிக்கவைக்க அதனால் வெகுநேரம் ஆகும். நான் கறிக்கும் பொரியலுக்கும் இரட்டை அடுப்பும், சோற்றுக்கும் புட்டுப் பானைக்கும் நிலத்தில் நிற்கும் தனிப் பெரிய அடுப்பு ஒன்றும் கொண்டுபோகிறேன். புட்டுக்கு மாவை வீட்டிலேயே வறுத்து அரித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் கொள்வேன்; முகாமில் சுடுநீர் விட்டுக் குழைத்துத் தேங்காய்ப்பூவுடன் அவித்தால் மழைக்காலைக்கு அதைவிட நல்ல உணவு இல்லை. மசாலாத்தூள் அனைத்தும் ஒரே இழுப்பறையில், மேலிருந்து பார்த்தால் பெயர் தெரியும்படி மூடிமேல் எழுதி வையுங்கள். தாளிப்பின் எண்ணெய் தெறிக்கும் என்பதால் அடுப்புக்குப் பின்னால் மடித்து நிமிர்த்தும் ஓர் அலுமினியத் தகடு அவசியம். மேல்மூடி பாதி திறந்து அடுப்புக்கு மேலே நிற்கும்படி விட வேண்டாம். முழுவதும் திறந்து பின்னே சாய்த்துக் கட்டுங்கள்.

இரவில் உணவு எதுவும் ட்ரெய்லரில் இருக்கக் கூடாது. இது கரடி நாடு; பலகைப் பெட்டி கரடிக்குப் பூட்டே அல்ல. உணவுக் கூடைகளையும், குப்பையையும், பற்பசை சவர்க்காரத்தையும் வேனுக்குள் வைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும். எனவே உணவுக் கூடைகள் ஒரு கையால் தூக்கக்கூடிய அளவில் இருந்தால்தான் களைத்த இரவிலும் அதைச் செய்வீர்கள்.

சட்பரி வாசி எழுதியது:

வாணி எழுதியதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். குளிருக்குப் பயந்து அடுப்பையோ கரி மூட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. மாமியாருக்குச் சுடுநீர்ப் பையும் கம்பளித் தொப்பியும் போதும். விறகை ரொறன்ரோவிலிருந்து ஏற்றிச் செல்ல வேண்டாம். மரங்களைக் கொல்லும் பூச்சிகள் விறகில்தான் ஊர்விட்டு ஊர் பரவுகின்றன. அந்தந்த ஊரிலேயே வாங்குங்கள்.

வாவாவுக்குத் தெற்கே எரிபொருள் நிலையங்கள் அரிது. அரைத் தாங்கி இருக்கும்போதே நிரப்புங்கள். அந்தி நேரத்தில் மூஸ் எனப்படும் பெரிய கடமான் தெருவுக்கு வரும். ட்ரெய்லருடன் திடீரென நிறுத்த முடியாது என்பதால், இருட்டுமுன் முகாமைச் சேர்ந்துவிடும்படி நாளைத் திட்டமிடுங்கள்.

கிழக்கு ஸ்காபரோ எழுதியது:

வேலை முடிந்தது. பயணத்துக்கு உரிய எல்லாச் சாமானையும் ஏற்றி, தண்ணீர்க் கலன்களையும் நிரப்பி, நெடுஞ்சாலையோர லொறித் தராசில் நிறுத்தேன். ட்ரெய்லர் மட்டும் 690 கிலோ. கழுத்து எடையை வீட்டிலேயே அளந்தேன்: குளியலறைத் தராசை மரக்கட்டைகளின் மேல் வைத்து, அதன் மேல் ஒரு குறுந்தடியை நிறுத்தி, ட்ரெய்லர் வேனில் பூட்டியிருக்கும் அதே உயரத்தில் கழுத்தை அதில் இறக்கினால் 62 கிலோ காட்டியது. பத்து வீதத்துக்குக் குறைவு. தண்ணீர்க் கலன்கள் இரண்டும் பின்மூலையில் இருந்தன. அவற்றையும் பற்றரியையும் அச்சுக்கு முன்னே நகர்த்திய பின் 81 ஆயிற்று. வேனின் வில்லைக் கணக்கும் 70 கிலோ மீதியுடன் அடங்குகிறது.

பெட்டியின் பின்சுவர் பழைய விளக்குகளையும் இலக்கத்தகட்டையும் மறைத்ததால் அவற்றை வெளியே நகர்த்தியிருக்கிறேன். புறப்படும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பிராம்ப்டன் குமரன் எழுதியது:

690க்கு 81 என்றால் 12 சதவீதம், நல்ல அளவு. 10க்கும் 15க்கும் இடையே இருக்க வேண்டும். தண்ணீர் தீரத் தீர இந்த எண் இறங்கும் என்பதால், கலன்களை வெறுமையாக்கி ஒரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் 10க்குக் கீழே போகாவிட்டால் கவலை இல்லை.

சங்கிலிகள் இரண்டையும் கழுத்துக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பூட்டுங்கள். கொழுக்கி கழன்றால் கழுத்து தரையில் குத்தாமல் அவற்றின் மேல் விழும். புதிய டயர் போட்டிருப்பதால் சக்கர நட்டுகளை முதல் 80 கிலோமீட்டரில், பாரி நகருக்கு அருகே எங்காவது நிறுத்தி, முறுக்குவிசைக் குறட்டால் மீண்டும் இறுக்குங்கள். பேரிங்குகளில் புது மசகு இட்டீர்களா?

கிழக்கு ஸ்காபரோ எழுதியது:

பிரேக் போடும்போதே பேரிங்குகளையும் புதிதாக மாற்றி மசகிட்டார்கள்.

தச்சுப்பட்டறை எழுதியது:

அப்படியானால் ஒன்றே ஒன்று. மசகிட்ட பேரிங் இணை ஒன்றையும், மசகுக் காப்பு வளையம், முள்ளாணி, மசகுக் குழாய் ஆகியவற்றையும் ஒரு பையில் போட்டு மேலதிகச் சில்லுடன் கட்டி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, வழியிலுள்ள வைற் ரிவர் என்ற சிற்றூரில் பேரிங் விற்கும் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சில்லின் நடுமூடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே இளஞ்சூட்டில் இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும். மேல்மூடியின் ரப்பரில் புழுதி படிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். மணல் ஒட்டிய ரப்பர் ஒரே வாரத்தில் அறுந்துவிடும்.

மார்க்கம் வாணி எழுதியது:

தறப்பாள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஒன்று குசினிக்கு மேல், ஒன்று மாமியாரின் கூடார வாசலுக்கு. கயிறு நிறைய வேண்டும்.